திமிங்கிலத்துக்கு எறிந்த மரத்தொட்டி: ஜார்ஜ் எலியட் என்ற பெயரின் கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஜார்ஜ் எலியட் ஒரு பெண் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பதைத்தான் நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்: அந்தக் காலத்தில் பெண் பெயரில் நாவல் கொடுத்தால் யாரும் அச்சிட மாட்டார்கள் என்பதால்தான் ஆண் பெயர் வைத்துக்கொண்டாரா? அவருடைய வாழ்க்கையும் எழுத்தும் எப்படிப்பட்டவை? முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில், இல்லை. சரி, முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. காரணத்தில் அது கால்வாசி. மீதி முக்கால்வாசியைச் சொல்ல அவர் கதையையே சொல்லியாக வேண்டும்.

1850களின் இங்கிலாந்தில் பெண்கள் நாவல் எழுதுவது அதிசயமே இல்லை. எலிசபெத் காஸ்கெல் எல்லோருக்கும் தெரிந்த பெயர். மார்கரெட் ஒலிஃபன்ட் எழுதிச் சம்பாதித்தே குடும்பத்தைக் காப்பாற்றினார். பிரான்டே சகோதரிகள் ‘பெல்’ என்ற பெயரில் ஒளிந்திருந்தார்கள். ஆனால் 1850லேயே சார்லட் அந்தத் திரையை விலக்கிவிட்டார். வாடகை நூலகங்களின் அலமாரிகளில் பெண்கள் எழுதிய நாவல்கள் குவிந்து கிடந்தன. அச்சேறுவது பிரச்சினை இல்லை, அச்சேறிய பிறகு எப்படிப் படிக்கப்படும் என்பதுதான் பிரச்சினை. மதிப்புரை எழுதுபவர் முதலில் ஆசிரியை என்ன மாதிரிப் பெண் என்று பார்ப்பார், அப்புறம்தான் புத்தகத்தைத் திறப்பார். அப்படிப் பார்த்தால், 1856ல் லண்டனில் இந்தப் பெண்ணைவிட மோசமான நிலையில் இருந்தவர் அதிகம் பேர் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மேரி ஆன் எவன்ஸ், அதுதான் அவர் நிஜப் பெயர், 1819 நவம்பர் 22ல், வாரிக்ஷயர் மாவட்டத்தில் நனீட்டன் என்ற ஊருக்கு அருகே, ஆர்பரி எஸ்டேட்டைச் சேர்ந்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். விக்டோரியா ராணி பிறந்ததும் அதே வருஷம்தான். அப்பா ராபர்ட் எவன்ஸ் தச்சு வேலையில் தொடங்கி, அந்த எஸ்டேட்டின் சொந்தக்காரர்களான நியூடிகேட் குடும்பத்தின் நிலபுலன் முழுவதையும் நிர்வகிக்கும் அளவுக்கு உயர்ந்தவர். நிற்கிற மரத்தைப் பார்த்தே அதில் எவ்வளவு பலகை தேறும் என்று சொல்லிவிடுவாராம். மூன்று வயது மூத்த அண்ணன் ஐசக்தான் சிறுமிக்கு உலகம். குளம், தூண்டில், கால்வாயில் போகும் படகு எல்லாமே அவன் பின்னால் ஓடி ஓடிப் பார்த்தவை. இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை வருவார்.

பள்ளியில் கெட்டிக்காரி, அதோடு தீவிர பக்தியும். 1836ல் அம்மா இறந்ததும் வீட்டுப் பொறுப்பு தலையில் விழுந்தது. பகலில் பால்பண்ணை வேலை, மீதி நேரத்தில் ஜெர்மன், இத்தாலியன், லத்தீன். பிற்காலத்தில் ஒரு சிநேகிதியிடம் தன் இரண்டு கைகளையும் காட்டி, ஒன்று மற்றதைவிட அகலமாக இருப்பதைப் பார், எங்கள் கிரிஃப் வீட்டில் எடுத்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்த வேலை இது என்று பெருமையாகச் சொன்னதாக ஒரு கதை உண்டு. ‘சைலஸ் மார்னர்’ நாவலில் வரும் நான்சியின் கைகளிலும் வெண்ணெய் எடுத்த தடம் இருக்கும். ஐரோப்பாவின் தத்துவம் முழுவதையும் கரைத்துக் குடித்த பெண் என்று இவரைப் பற்றிச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்தக் கை மோர் மத்து பிடித்த கை என்பதை மறந்தால் நாவல்கள் புரியாது.

1841ல் ஐசக்குக்குக் கல்யாணமாகி கிரிஃப் வீடு அவர் வசமானது. அப்பாவும் மகளும் கவென்ட்ரி நகரத்தின் ஓரத்துக்குக் குடிபோனார்கள். அங்கே சார்ல்ஸ் பிரே என்ற ரிப்பன் உற்பத்தியாளரும் அவர் மனைவி காராவும் பழக்கமானார்கள். எதையும் கேள்வி கேட்கிற வீடு அது. சில மாதங்களில், 1842 ஜனவரியில், மேரி ஆன் அப்பாவிடம் இனி நான் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டையே காலி செய்துவிடுவதாகச் சொல்லும் அளவுக்குப் போனது சண்டை. கடைசியில் ஒரு சமரசம்: மகள் சர்ச்சுக்கு வருவார், உட்கார்ந்திருக்கும்போது மனசுக்குள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம். அந்த மனம் என்ன நினைத்தது என்பது 1846ல் புத்தகமாகவே வந்தது. ஜெர்மன் அறிஞர் ஸ்ட்ராஸ் ஏசுவின் வாழ்க்கையைச் சரித்திர ஆராய்ச்சியாளரின் கண்ணோடு அலசிய பெரிய நூலை, அதாவது சுமார் 1,500 பக்கத்தை, அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருந்தார். கூலி 20 பவுன். அட்டையில் மொழிபெயர்த்தவர் பெயர் கிடையாது.

1849ல் அப்பா இறந்தார். 1851ல் லண்டன். ஸ்ட்ராண்ட் தெருவில் 142ஆம் எண் வீடு ஜான் சாப்மன் என்ற பதிப்பாளருடையது. மனைவியும் ஆசைநாயகியும் ஒரே கூரையின் கீழ் இருந்த வீடு. அங்கே ஒரு அறையில் தங்கிக்கொண்டு ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’ என்ற காலாண்டிதழை மேரி ஆன், அதாவது இப்போது தன்னை ‘மரியன்’ என்று எழுதத் தொடங்கியவர், நடத்தினார். ஆசிரியர் என்று வெளியே தெரிந்தது சாப்மன் பெயர். கட்டுரை கேட்டு வாங்கியது, திருத்தியது, புரூஃப் பார்த்தது எல்லாம் இவர். அப்போதைய பெரிய பத்திரிகைகளில் கட்டுரைகள் பெயர் போடாமலேயே வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வழக்கம்தான். ஆக, 30 வயது தாண்டியும் இவர் எழுதியது எதிலும் இவர் பெயர் இல்லை. பெயரில்லாமல் எழுதுவது இவருக்கு ஒளிவு அல்ல, தொழில் பழக்கம்.

இனி ஜார்ஜ் ஹென்றி லூயிஸ். பத்திரிகையாளர், நாடக விமர்சகர், பின்னாளில் உடலியல் ஆராய்ச்சியாளர், எதைப் பற்றியும் பேசக்கூடியவர். கல்யாணமானவர். அவர் மனைவி ஆக்னஸ், லூயிஸின் நண்பரான தார்ன்டன் ஹன்ட்டோடு உறவு வைத்திருந்தார். அந்த உறவில் முதல் குழந்தை பிறந்தபோது லூயிஸ் அதைத் தன் குழந்தை என்றே பதிவு செய்தார். பெருந்தன்மைதான். ஆனால் சட்டம் அதை, மனைவியின் உறவுக்கு அவர் சம்மதித்துவிட்டார் என்று படித்தது. அதன் பிறகு விவாகரத்துக்கு வழியே இல்லை. 1854 ஜூலை 20ல் மரியனும் லூயிஸும் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்து கணவன் மனைவியாகவே வாழ்ந்தார்கள். கப்பல் ஏறிய அதே மாதம்தான் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக் எழுதிய ‘கிறிஸ்தவத்தின் சாரம்’ மொழிபெயர்ப்பு வெளியானது. அதன் அட்டையில் மரியன் எவன்ஸ் என்ற பெயர் இருக்கிறது. அவர் வாழ்நாளில் அவருடைய சொந்தப் பெயர் தாங்கி வந்த ஒரே புத்தகம் அதுதான்.

லண்டன் என்ன செய்தது? லூயிஸை விருந்துக்குக் கூப்பிட்டது, இவரைக் கூப்பிடவில்லை. ஒரே வீட்டில் இருவர் செய்த ஒரே காரியத்துக்கு, ஒருவருக்கு மட்டும் தண்டனை. என்னை இனிமேல் மிஸ் எவன்ஸ் என்று எழுதாதே, அந்தப் பெயரை விட்டுவிட்டேன் என்று ஒரு தோழிக்கு எழுதினார். மிஸஸ் லூயிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். 1857 மே மாதம் துணிந்து அண்ணன் ஐசக்குக்கு விஷயத்தை எழுதினார். ஐசக் நேரில் பதில் எழுதவில்லை, வக்கீலை விட்டு எழுதவைத்தார். சட்டப்படி கல்யாணம் ஆகவில்லை என்று தெரிந்ததும் தொடர்பை அறுத்தார், சகோதரிகளையும் அறுக்கவைத்தார்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுக்குச் சொந்தம். இவர் சட்டத்தின் கண்ணில் கல்யாணம் ஆகாதவர். அதனால் எழுதிச் சம்பாதித்த ஒவ்வொரு பவுனும் சட்டப்படி இவருடையதே. அதை அவராகவே லூயிஸின் வங்கிக் கணக்கில் போட்டார், ஆக்னஸுக்கும் அவர் குழந்தைகளுக்கும் அதிலிருந்து பணம் போனது.

இப்போது நாவலுக்கு வருவோம். 1856 கோடையில் லூயிஸ் கடற்கரையில் நத்தையும் கடல்சாமந்தியும் பொறுக்கிக்கொண்டிருந்தார்; கூடவே மரியனும். வேல்ஸில் டென்பி என்ற ஊரில் ஒரு காலை, அரைத் தூக்கத்தில், தான் ஒரு கதை எழுதுவதுபோலவும் அதற்கு ‘ரெவரெண்ட் ஆமோஸ் பார்ட்டனின் துயரங்கள்’ என்று தலைப்பு வைத்ததுபோலவும் ஒரு தோற்றம். எழுந்து லூயிஸிடம் சொன்னார். பிரமாதமான தலைப்பு என்றார் லூயிஸ். ஆனால் அவருக்கும் சந்தேகம் இருந்தது: வர்ணனை வரும், புத்தி இருக்கிறது, ஆனால் படிப்பவரை அழவைக்க வருமா? செப்டம்பர் 23ல் மரியன் எழுதத் தொடங்கினார். கதையில் ஏழைப் பாதிரியாரின் மனைவி மில்லி சாகும் இடம்தான் பரீட்சை. அதை எழுத வசதியாக லூயிஸ் வேண்டுமென்றே ஒரு சாயங்காலம் ஊருக்குள் போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும் மரியன் வாசித்துக் காட்டினார். இரண்டு பேரும் அழுதார்கள். உன் வேடிக்கையைவிட உன் சோகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி முத்தமிட்டார் லூயிஸ். 37 வயதை நெருங்கும்போது ஒரு நாவலாசிரியர் பிறந்தது இப்படி.

அதே மாதங்களில் ‘வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ’வுக்கு ஒரு கட்டுரையும் எழுதினார். சீமாட்டிகள் எழுதும் அசட்டு நாவல்கள் பற்றியது. கதாநாயகி பெரிய சொத்துக்காரியாக இருப்பாள், கண்ணும் பளபளக்கும் அறிவும் பளபளக்கும், பாட்டும் வரும் பைபிளும் மூல மொழியில் வரும் என்று தோலுரித்திருந்தார். பெயரில்லாத கட்டுரைதான், அக்டோபரில் வந்தது. ஆனால் யார் எழுதியது என்று தெரிந்தால் மூன்றே மாதத்தில் வந்த அவருடைய கதையை எத்தனை பேர் கத்தி தீட்டிக்கொண்டு படித்திருப்பார்கள்!

ஆக, ஒரு பட்டியல் போட்டால்: நாத்திக நூல்களின் மொழிபெயர்ப்பாளர், இன்னொருத்தியின் புருஷனோடு வாழ்பவர், பெண் நாவலாசிரியர்களைக் கிழித்தவர். எழுதியிருக்கும் கதையோ கிராமத்துப் பாதிரியார்களைப் பற்றி. மிஸ் எவன்ஸ் எழுதியது என்றால் குடும்பங்கள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் விட்டிருக்குமா? சந்தேகம்தான். பெண் என்பதை மறைப்பதைவிட இந்தப் பெண் என்பதை மறைப்பதுதான் அவசரமாக இருந்தது என்பது என் கருத்து.

நவம்பரில் லூயிஸ் அந்தக் கதையை எடின்பரோ பதிப்பாளர் ஜான் பிளாக்வுட்டுக்கு, நண்பர் ஒருவர் எழுதியது என்று அனுப்பினார். நண்பர் ரொம்பக் கூச்ச சுபாவம், கடுமையாகச் சொன்னால் ஒடுங்கிவிடுவார் என்று ஒரு எச்சரிக்கையும் சேர்த்தார். 1857 ஜனவரியில் ‘பிளாக்வுட்ஸ்’ மாத இதழில் கதை வழக்கப்படி பெயரில்லாமல் வந்தது. ஆசிரியர் பெயர் தெரியாததால் பிளாக்வுட் கதாபாத்திரத்தின் பெயரையே வைத்து ‘அன்புள்ள ஆமோஸ்’ என்று கடிதம் எழுதினார். அதற்குப் பிறகு, பிப்ரவரி 4ஆம் தேதி எழுதிய கடிதத்தில்தான், ஜார்ஜ் எலியட் என்ற கையெழுத்து முதன்முதலாக வருகிறது. புனைபெயரால் புகழின் நன்மை எல்லாம் கிடைக்கும், தொல்லை கிடையாது. ஆர்வக்கோளாறில் யாராவது விசாரித்தால் திமிங்கிலத்துக்கு எறியும் மரத்தொட்டி மாதிரி இதை எறியுங்கள் என்றார். திமிங்கிலம் கப்பலை மோத வந்தால் மாலுமிகள் ஒரு காலித் தொட்டியைக் கடலில் எறிவார்களாம். அது அதோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது கப்பல் தப்பிவிடும்.

ஜார்ஜ் என்பது லூயிஸின் பெயர். எலியட் என்பது வாய் நிறையச் சொல்லக்கூடிய, சிக்கலில்லாத ஒரு சொல். அவ்வளவுதான் காரணம் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அதில் ஆழ்ந்த பொருள் தேடிப் பலர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், தேவையில்லை.

1858 ஜனவரியில் மூன்று கதைகள் ‘பாதிரி வாழ்க்கைக் காட்சிகள்’ என்று புத்தகமாக வந்தன. எழுத்தாளர்கள் சிலருக்கு இலவசப் பிரதி போனது. ஜேன் கார்லைல், எழுத்தாளர் தாமஸ் கார்லைலின் மனைவி, படித்துவிட்டு ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் நடுவயது ஆண், அந்தப் பெண்மை நிறைந்த இடங்களை உங்கள் மனைவியிடமிருந்து பெற்றிருக்கிறீர்கள், நிறையக் குழந்தைகள், ஒரு நாயும் உண்டு, நீங்கள் பாதிரியார் இல்லை, பாதிரியாருக்கு அண்ணனோ தம்பியோ மாமன் மகனோ என்று. கற்பனை என்றால் இது! சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கும் ஒரு பிரதி போனது. அவர் ஜனவரி 18ல் எழுதிய பதிலில், தலைப்பில் இருக்கிற பெயரை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் என் போக்கில் விட்டால் இதை எழுதியவர் பெண் என்றுதான் சொல்லியிருப்பேன், இல்லையென்றால் மனசளவில் இவ்வளவு பெண்ணாக மாறத் தெரிந்த ஆண் உலகத்தில் இதுவரை பிறந்ததில்லை என்றார். எழுத்துக்காரன் கண்ணை ஏமாற்ற முடியவில்லை.

அடுத்த மாதம் பிளாக்வுட் ரிச்மண்டில் இருந்த அவர்கள் வீட்டுக்கே வந்தார். ஜார்ஜ் எலியட்டைப் பார்க்கவா போகிறேன் என்று லூயிஸிடம் கேட்டார். மரியன் எழுந்து வெளியே போனார். லூயிஸ் பின்னாலேயே போய்க் கேட்க, சொல்லிவிடுங்கள் என்றார். பிளாக்வுட் உள்ளுக்குள் ஊகித்தே இருந்தார். நல்ல மனிதர், கடைசிவரை ரகசியத்தைக் காப்பாற்ற முயன்றவர்.

1859 பிப்ரவரி 1ல் ‘ஆடம் பீட்’. விதை, அத்தை எலிசபெத் சொன்ன ஒரு சம்பவம். மெதடிஸ்ட் பிரசங்கியான அந்த அத்தை இளவயதில், பெற்ற குழந்தையைக் கொன்றதற்காகத் தூக்கு விதிக்கப்பட்ட ஒரு பெண்ணோடு சிறையில் இரவு முழுக்க ஜெபம் செய்து, மறுநாள் தூக்குமேடைவரை வண்டியில் கூடவே போனவர். நாயகன் ஆடம் தச்சன், அப்பாவின் சாயல். நாவல் தீப்பிடித்த மாதிரி போனது. வந்து ஒரு மாதத்தில் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், அதில் வரும் பண்ணைக்காரி மிஸஸ் பாய்சரின் வாக்கை மேற்கோள் காட்டினார்: இதை மறுபடி அடைகாத்து, வேறு மாதிரியாகப் பொரிக்க வேண்டும். ராணி விக்டோரியா அதன் காட்சிகளை ஓவியமாக வரையச் சொன்னார். 800 பவுனுக்கு உரிமை வாங்கியிருந்த பிளாக்வுட், விற்பனையைப் பார்த்துத் தானாகவே இன்னொரு 800 பவுன் கொடுத்தார்.

தொட்டி வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. நனீட்டன் பக்கத்து ஆட்கள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டார்கள். ஆமோஸ் பார்ட்டனுக்கு மாதிரியாக இருந்த பாதிரியார் உயிரோடு இருந்தார்; தன்னையே பக்கங்களில் பார்த்துத் திகைத்துப் பிளாக்வுட்டுக்கு எழுதினார். இவ்வளவு விவரம் தெரிந்தவர் உள்ளூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும், அப்படியானால் யார்? ஊர் ஓர் ஆளைக் கண்டுபிடித்தது: ஜோசஃப் லிக்கின்ஸ். பேக்கரிக்காரர் மகன், படித்துவிட்டு உருப்படாமல் போனவர். அவர் முதலில் மறுத்திருக்கலாம், ஆனால் கிடைத்த மாலையைக் கழற்றவில்லை. ஒரு பாதிரியார் கூட்டம் அவரைப் பார்க்கப் போனபோது அவர் பம்படியில் தேநீர்க் கசடு கொட்டும் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாராம். வேலைக்காரி இல்லை, பிளாக்வுட் ஒரு காசும் தரவில்லை, மேதை பட்டினி கிடக்கிறார்! ‘டைம்ஸ்’ நாளிதழுக்கே ஒருவர் எழுதினார், லிக்கின்ஸ்தான் ஜார்ஜ் எலியட் என்று. மறுத்து ஜார்ஜ் எலியட் பெயரில் பதில் போனது. யார் நம்பினார்கள்? ஆள் முகம் காட்டவில்லையே. லிக்கின்ஸுக்காக நிதிகூடத் திரட்டினார்கள். காஸ்கெல் போன்றவரே கொஞ்ச காலம் நம்பினார்.

எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 37 வருஷ வாழ்க்கையைப் பிழிந்து எழுதியதற்கு யாரோ ஒருவர் கழுவிய கிண்ணத்தோடு நின்று பாராட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். இந்தக் களேபரத்தில் ஒரே ஆறுதல், அல்ஜியர்ஸில் இருந்த தோழி பார்பரா பொடிஷானிடமிருந்து வந்த கடிதம். அவர் புத்தகத்தையே பார்க்கவில்லை. செய்தித்தாள் மதிப்புரையில் எடுத்துப் போட்டிருந்த சில பத்திகளைப் படித்ததும், இது நீதான், வேறு யாராகவும் இருக்க முடியாது என்று எழுதிவிட்டார். டிக்கன்ஸ் பெண் என்று கண்டார், பார்பரா அந்தப் பெண்ணையே கண்டார்.

1859 ஜூன் மாதத்துக்குள் ரகசியத்தை வைத்துக்கொள்வதில் பயனில்லை என்றானது. பிரே தம்பதியிடம் அவரே சொன்னார், மெல்ல எல்லோருக்கும் தெரிந்தது. பயந்தது நடந்தது: ‘அதீனியம்’ வார இதழ், பெயரை மறைத்ததே விற்பனைத் தந்திரம் என்கிற மாதிரி விஷம் கக்கியது. காஸ்கெல் மனம் திறந்து பாராட்டி எழுதிவிட்டு, கடைசியில், நீங்கள் நிஜமாகவே மிஸஸ் லூயிஸாக இருந்திருக்கலாமே என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரியில் அந்தக் காலம் முழுவதும் இருக்கிறது.

ஒளிவதற்கு வைத்த பெயர் இரண்டரை வருஷத்திலேயே ஒளிக்க உதவாமல் போய்விட்டது. ஆனாலும் அவர் அதை விடவில்லை, அதற்குப் பிறகு 20 வருஷம் வந்த புத்தகங்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான். மிஸ் எவன்ஸ் ஊர் திட்டிய பெயர், மிஸஸ் லூயிஸ் சட்டம் ஒப்புக்கொள்ளாத பெயர். ஜார்ஜ் எலியட் ஒன்றுதான் அவர் தானே உழைத்துச் சம்பாதித்த பெயர். அடுத்து வந்த ‘மில் ஆன் தி ஃப்ளாஸ்’ நாவலுக்கு 1860ல் முதல் பதிப்புக்கு மட்டும் 2,000 பவுன். ரகசியம் உடைந்ததால் விற்பனை படுத்துவிடும் என்று பதிப்பாளர் வீட்டில் பயந்திருந்தார்கள். படுக்கவில்லை.

பிறகு 1861ல் ‘சைலஸ் மார்னர்’. 1862ல் ‘ரொமோலா’வுக்காக இன்னொரு பதிப்பாளர் 10,000 பவுன் தருவதாகச் சொன்னார். கதையை அவர் கேட்ட மாதிரி தவணைகளாக நறுக்கச் சம்மதிக்காமல் எலியட் 7,000க்கு ஒப்புக்கொண்டார். பதினைந்தாம் நூற்றாண்டு ஃபிளாரன்ஸ் பற்றிய அந்த நாவலை இளம்பெண்ணாகத் தொடங்கினேன், கிழவியாக முடித்தேன் என்றார். படிப்பவருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான், மன்னிக்கவும். ‘ஃபீலிக்ஸ் ஹோல்ட்’டைத் தாண்டிப் போகலாம்.

‘மிடில்மார்ச்’ வேறு விஷயம். 1871 டிசம்பரிலிருந்து 1872 டிசம்பர் வரை, ஒன்று ஐந்து ஷில்லிங் விலையில் எட்டுப் பாகமாக வந்தது. நாவல் என்றால் மூன்று தொகுதி என்று வாடகை நூலகங்கள் வைத்திருந்த பிடியிலிருந்து தப்பிக்க லூயிஸ் போட்ட திட்டம் அது. முதலில் இரண்டு தனித்தனிக் கதைகளாகத் தொடங்கியவை. ஒன்று, புதிதாக வந்த இளம் டாக்டர் லிட்கேட்டும் அந்த ஊரும். இன்னொன்று, பெரிய காரியம் செய்யத் துடிக்கும் டொரதியா என்ற பெண். இரண்டையும் சேர்த்துத் தைத்தார், தையல் தெரியாது. டொரதியா தன்னைவிட மிக மூத்த கசாபன் என்ற பண்டிதரை, அறிவுக்காகக் கட்டிக்கொள்கிறாள். அவர் உலகப் புராணங்கள் எல்லாவற்றுக்கும் திறவுகோல் எழுதுகிறேன் என்று ஆயுசு முழுக்கக் குறிப்பு எடுக்கிறார். அந்தத் துறையில் ஜெர்மானியர்கள் எப்போதோ முன்னே போய்விட்டது தெரியாமல். ஜெர்மன் புத்தகங்களில் ஊறியவர் எழுதியதால்தான் அந்த அடி அவ்வளவு குறியாக விழுகிறது. ஆனால் நாம் கசாபனை வெறுக்கத் தயாராகிற இடத்தில் ஆசிரியர் குறுக்கே வந்து, ஏன் எப்போதும் டொரதியாவின் பக்கமே பார்க்கிறோம் என்று நிறுத்தி, அந்தக் கிழவரின் பயத்துக்குள் நம்மை இறக்கிவிடுவார். அவருடைய மேதைமை எது என்று ஓர் இடத்தைக் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன். 1876ல் வந்த ‘டேனியல் டெரோண்டா’ கடைசி நாவல்.

இதற்குள் காலம் மாறியிருந்தது. ரீஜன்ட்ஸ் பார்க் அருகே ‘பிரயரி’ வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் லண்டனின் பெரிய மனிதர்கள் வரிசை கட்டினார்கள். பெண்கள் வரத்தான் நீண்ட காலம் ஆனது. பிற்பாடு கர்ட்டன் கல்லூரியான பெண்கள் கல்லூரிக்கு நிதி திரட்டியபோது இவர் 50 பவுன் கொடுத்தார். கொடையாளர் பெயர்: ‘ரொமோலாவின் ஆசிரியர்’. அங்கேயும் எவன்ஸும் இல்லை, லூயிஸும் இல்லை.

1878 நவம்பர் 30ல் லூயிஸ் இறந்தார். உயிலில் சொத்து ‘மேரி ஆன் எவன்ஸ், திருமணமாகாதவர்’ என்பவருக்கு. 24 வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அந்தச் சொல்லின் கீழ் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் சம்பாதித்த பணமும் லூயிஸ் பெயரில்தானே இருந்தது! அதைக் கையாள, சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டு மேரி ஆன் எவன்ஸ் லூயிஸ் ஆனார். லூயிஸ் முடிக்காமல் விட்ட நூலை முடித்துப் பதிப்பித்தார், அவர் பெயரில் கேம்பிரிட்ஜில் உடலியல் ஆய்வுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார்.

1880 மே 6ல் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். தன்னைவிட 20 வயது இளையவரான, தன் முதலீடுகளைக் கவனித்துவந்த ஜான் கிராஸைக் கல்யாணம் செய்துகொண்டார், அதுவும் சர்ச்சில். தேனிலவுக்குப் போன வெனிஸில் கிராஸ் ஹோட்டல் பால்கனியிலிருந்து கால்வாயில் குதித்து, படகோட்டிகள் இழுத்துப் போட்டார்கள். அதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள், நமக்கு வேண்டாம். முக்கியமானது வேறு. இப்போது சட்டப்படி கல்யாணம் ஆகிவிட்டதால், 23 வருஷம் கழித்து, ஐசக்கிடமிருந்து வாழ்த்துக் கடிதம் வந்தது. திட்டிப் பதில் எழுதியிருந்தாலும் நியாயம்தான். தங்கை எழுதிய பதில்: நாம் சின்னவர்களாக இருந்தபோது உன்மேல் வந்த பாசத்தை இந்த நீண்ட மௌனம் ஒருநாளும் முறிக்கவில்லை.

அந்த டிசம்பர் 22ஆம் தேதி, 61 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி தேவாலயத்தில் அடக்கம் செய்ய சிலர் முயன்றார்கள். கல்யாணத்திலும் கொள்கையிலும் கிறிஸ்தவத்துக்கு எதிராக வாழ்ந்தவரை அங்கே கொண்டுபோவது சரியல்ல என்று, நண்பரான விஞ்ஞானி ஹக்ஸ்லியே சொன்னார். ஹைகேட் இடுகாட்டில் லூயிஸ் பக்கத்தில் அடக்கம். ஐசக் வந்திருந்தார். கல்லில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன: ஜார்ஜ் எலியட், மேரி ஆன் கிராஸ். ஆபிக்குள் ஒரு நினைவுக்கல் பதிக்க 1980 ஆனது. கிராஸ் 1885ல் மூன்று தொகுதியில் வாழ்க்கை வரலாறு எழுதினார். சங்கடமானதை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டதால், இது வரலாறு அல்ல, மூன்று தொகுதி மௌனம் என்றார் பிரதமர் கிளாட்ஸ்டன்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நேரே ‘மிடில்மார்ச்’சில் குதிக்காதீர்கள். ‘சைலஸ் மார்னர்’ சின்னது, இரண்டு மூன்று நாளில் முடியும். அப்புறம் ‘மில் ஆன் தி ஃப்ளாஸ்’, அதன் முதல் பாகத்தை மட்டுமாவது. ஐசக் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆனபோது எழுதத் தொடங்கியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். அண்ணன் டாம் பள்ளியிலிருந்து வருகிறான். அவன் பார்த்துக்கொள்ளச் சொன்ன முயல்களுக்குத் தீனி போட மேகி மறந்துபோய், எல்லாம் செத்துக் கிடக்கின்றன. உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறான். மேகி பரணில் போய்ப் படுத்து அழுகிறாள். பசித்தாலும் இறங்கி வருவதில்லை. கடைசியில் அப்பா அனுப்ப, டாம் கையில் பிளம் கேக் துண்டோடு மாடி ஏறி வருகிறான். அழாதே, ஒரு கடி கடி என்று நீட்டுகிறான். அவள் ஒரு கடி, துணைக்கு அவன் ஒரு கடி. தின்றுகொண்டே இரண்டும் இரண்டு குதிரைக்குட்டிகள் மாதிரி கன்னத்தோடு கன்னம் உரசிக்கொள்கின்றன.